எருமை வழி

ஏனுங்ணா, அந்த அண்டாவை உங்க காலால சித்த முட்டுக் குடுத்துக்குங்க. பண்ணாரி தாண்டியாச்சு, இனிமே மலைதான். ஒரு வளைவுக்கு என்னை வந்து இடிக்கும், அடுத்த வளைவுக்கு உங்களை வந்து இடிக்கும். டூர் பஸ்ஸுன்னா சமையக்காரரும் பாத்திரமும் கூடவே வரும்னு எனக்கும் தெரியுமுங்க. ஆனா பாத்திரத்துக்குப் பக்கத்துல எனக்கு சீட்டு வந்துருக்குது பாருங்க, அதுதான் தாங்கல.

உங்க வீட்டு அக்கா நல்லாத் தூங்கறாங்க. தூங்கட்டும், தூங்கட்டும். நான் மெதுவாவே பேசறேன்.

எங்க ஆளுங்களா? அதோ, முன்னால ரெண்டாவது வரிசை. மாமா, அத்தை, அந்தப் பக்கம் என் சம்சாரம் கோகிலவாணி, பக்கத்துல அவங்க அக்கா. அவங்களுக்குப் பின்னால பச்சைக் கட்டம் போட்ட சட்டை தெரியுதுங்களா, அவருதான் எங்க சகலை. என் சம்சாரத்தோட அக்கா வீட்டுக்காரரு. பேரு ஈஸ்வரமூர்த்தி. ஆறு பேருக்கும் அவருதான் டிக்கெட்டுப் போட்டாரு. அஞ்சு சீட்டு முன்னால சேந்தாப்புல வந்துச்சாம், ஒண்ணு மட்டும் கடைசில வந்துச்சாம். அந்த ஒண்ணு யாருக்குங்க? எனக்கு. இது தானா நடந்துச்சுன்னு சொன்னா ஒரு சின்னக் குழந்தை நம்புமுங்களா?

இல்ல, அவரு வந்து கூப்பிட்டாருங்க. ஈரோட்டுல ஒரு தடவை, கோபியில ஒரு தடவை, சத்தியில டீக்கு நிறுத்துனப்ப ஒரு தடவை. "சகலை, நீங்க முன்னால போங்க, நான் கடைசில உக்காந்துக்கறேன்"னு. எல்லாரு காதுலயும் விழற மாதிரி கூப்பிடறாரு. நான் போகல. போனா என்ன ஆகும்? பெரிய மாப்பிள்ளை விட்டுக் குடுத்தாருன்னு ஆகும். அந்தப் பேரை அவருக்கு வாங்கிக் குடுக்கறதுக்கு இந்த அண்டாவே தேவலைன்னு உக்காந்துட்டேன்.

நான் சும்மா சொல்லலீங்க. ஒம்போது வருசமா நான் பாத்துட்டு வர்றேன். எங்க மாமனார் ஊரு அந்தியூரு. ஆடி நோம்பிக்கு ரெண்டு மாப்பிள்ளைகளும் போவோம். நாட்டுக்கோழி அடிப்பாங்க. கோழிக்கு ஈரல் ஒண்ணுதானுங்க. அது யாரு இலைக்குப் போகும்? பெரிய மாப்பிள்ளை இலைக்கு. எனக்கு ஈரல் புடிக்காது, அது வேற விசயம். ஆனா என்னை ஒரு வார்த்தை கேக்கணுமா இல்லீங்களா? அப்புறம் அந்த வீட்டுல ஃபேனுக்கு நேர் கீழ ஒரு நாற்காலி கெடக்கும். நான் உள்ள போனா இவரு அதுல இருந்து சடார்னு எந்திரிச்சு, "வாங்க சகலை, நீங்க காத்தாட உக்காருங்க"ம்பாரு. எதுக்குங்க எந்திரிக்கணும்? நான் வந்ததுக்கு அப்புறம் எந்திரிச்சாத்தானே நாலு பேரு பாப்பாங்க.

இதெல்லாம் போகட்டும். என் கல்யாணத்துல, நான் தாலி கட்டற நேரத்துல, எனக்கும் கேமராவுக்கும் நடுவுல வந்து குனிஞ்சாருங்க இந்த மனுசன். ஆல்பத்துல இன்னைக்கும் நான் தாலி கட்டற படத்துல இவரு முதுகுதான் இருக்குது. கேட்டா என் வேட்டி அவுந்து நழுவிருச்சாம், அதைப் புடிச்சாராம். கோகிலாவும் அதேதான் சொல்லுது. "ஏனுங்க, அன்னைக்கு அவரு மட்டும் புடிக்கலைன்னா ஆல்பத்துல வேற என்னென்னமோ இருந்துருக்கும்"னு சொல்லிச் சிரிக்குது. அக்கா வீட்டுக்காரரை விட்டுக் குடுக்குமுங்களா அது.

நான் என்ன வேலைன்னு கேக்கறீங்களா? அதைத்தான் ஒருத்தரும் கேக்கறதில்லீங்க. எங்க மாமா நான் ஏதோ ஏ.டி.எம்.முல பணம் வெக்கற வேலைன்னு நெனச்சுட்டு இருக்காரு. ஒவ்வொரு தடவையும் "மாப்பிள்ளை, எங்கூரு மிசின்ல எப்பவும் ஐநூறுதான் வருது, கொஞ்சம் நூறு நூறா வெக்கச் சொல்லுங்க"ம்பாரு. சரிங்க மாமான்னு சொல்லிப்போட்டு வந்துருவேன். வேற என்ன சொல்றது?

சரவணம்பட்டியில ஒரு கம்பெனிங்க. நீங்க போன்ல ஒரு சாமான் வாங்கறீங்க. கார்டு நம்பரைப் போட்டு, பணம் கட்டுன்னு அமுக்கறீங்க. உடனே பணம் போயிருதுன்னு நெனச்சுக்கறீங்க. போறதில்ல. உங்க பேங்க்கிட்ட ஒருத்தன் போயி, "இன்னாரு இவ்வளவு கேக்கறாரு, குடுக்கலாமா"ன்னு கேக்கணும். பேங்க் ஆகும்னு சொல்லணும், இல்ல ஆகாதுன்னு சொல்லணும். அப்படிக் கேக்கப் போற ஆளுக நாலஞ்சு கம்பெனி இருக்குதுங்க. இதுல அதிசயம் என்னன்னா, ஒரே கார்டு, ஒரே தொகை, ஒரே பேங்க். ஒருத்தன் போயிக் கேட்டா ஆகாதுங்கும், இன்னொருத்தன் போயிக் கேட்டா ஆகும்ங்கும்.

ஏன்னு கேட்டா எப்படிச் சொல்றது? கோகிலாவைக் கூட்டிட்டுப் படத்துக்குப் போறேன்னு எங்க மாமாகிட்ட நான் கேட்டா, "இந்த வெய்யில்ல எதுக்குங்க மாப்பிள்ளை"ம்பாரு. அதையே எனக்காக எங்க சகலை போயிக் கேட்டா, "போயிட்டு வாங்க, வர்றப்ப எனக்கு ஒரு பப்ஸ் வாங்கிட்டு வாங்க"ம்பாரு. அதே பொண்ணு, அதே படம், அதே வெய்யில். அவ்வளவுதானுங்க விசயம். எந்த பேங்குக்கு எந்த ஆளை அனுப்பினா காரியம் ஆகும்னு பாத்துப் பாத்து அனுப்பறதுதான் என் வேலை. நூறு பேரு அமுக்குனா எத்தனை பேருக்கு ஆகும்னு வருதோ, அதுதான் எங்களுக்கு மார்க். ஒரு மார்க் கூடினா கேக் வெட்டுவாங்க. ஒரு மார்க் கொறஞ்சா எங்க மேடம் கண்ணாடியைக் கழட்டித் தொடைப்பாங்க. அவங்க கண்ணாடியைக் கழட்டினா ஆபீஸே எச்சில் முழுங்காது.

அந்த ஆளுகளுக்கு நாங்களா பேரு வெச்சிருக்கோம். ஒண்ணு குதிரை. கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள பதில் வந்துரும். இன்னொண்ணு வண்டிமாடு. சுமாராப் போகும். கடைசில ஒண்ணு இருக்குது, பழைய கம்பெனி, யாரும் சீண்டறதில்ல. அதுக்குப் பேரு எருமை. பேரு வெச்சது நான்தானுங்க. போன்ல வட்டம் சுத்திக்கிட்டே நிக்கும், சுத்திக்கிட்டே நிக்கும், வாங்க வந்தவன் நொந்து போயி போனைக் கீழ வெச்சுருவான். மார்க்கும் அதுக்குத்தான் ரொம்பக் கம்மி. பாதிப் பேரு நடுவுலயே ஓடிப் போயிட்டா மார்க் எப்படி வரும்?

அட, இந்த வளைவுக்கே இப்படின்னா மேல எப்படியோ. அண்டாவைப் புடிச்சுக்கிட்டீங்களா? நல்லது.

இந்த ஆடி நோம்பிக்குச் சாப்பிட்டு முடிச்சு எல்லாரும் உக்காந்திருந்தோம். எங்க அத்தை எதுவும் கேக்கற ஆளில்லீங்க. அன்னைக்கு என்னமோ, "ஒருக்கா மைசூரு தசரா பாத்துரணும். யானை மேல அம்பாரி வெச்சுக் கூட்டிட்டு வர்றதைக் கண்ணால பாத்துப் போட்டா போதும்"னாங்க. மாமா ஒவ்வொரு வருசமும் அடுத்த வருசம்னு சொல்லிச் சொல்லியே முப்பது வருசம் ஓட்டிப் போட்டாராம். அத்தை சொல்லி வாய மூடறதுக்குள்ள எங்க சகலை "நான் பாத்துக்கறேனுங்க அத்தை"ன்னாரு. நானும் அதே நேரத்துல "நான் பாத்துக்கறேனுங்க அத்தை"ன்னேன். ரெண்டு பேரும் சொன்னோம். அத்தை யாரைப் பாத்துச் சிரிச்சாங்க? அவரை. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். இந்த அத்தையை மைசூருக்குக் கூட்டிட்டுப் போறது நானாத்தான் இருக்கணும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, சின்ன மாப்பிள்ளையாலதான்னு அவங்க வாயால வரணும். பெரிய ஆசைங்களா இது? இல்லையே.

நான் போட்ட கணக்கு நாலு டிக்கெட்டு. மாமா, அத்தை, கோகிலா, நான். சகலையும் அவரு வீட்டம்மாவும் வரவேண்டாம்னு இல்ல. சீட்டுக் கெடைக்கலைன்னா நாம என்ன பண்ண முடியும்?

தசராவுக்குப் போறதுக்கு இந்த டூர்ஸ்காரங்க பஸ்ஸைத்தான் எல்லாரும் எதிர்பாத்துட்டு இருப்பாங்க. உங்களுக்கே தெரியும். காலைல பத்து மணிக்கு ஆன்லைன்ல தெறந்தா பத்தரைக்கு முடிஞ்சுரும். எனக்கு என்ன வசதின்னா, அவங்க பணம் வாங்கறதே எங்க கம்பெனி வழியாத்தான். அதாவது அந்த வாசல்ல நிக்கற ஆளே நான்தான்.

டிக்கெட்டுத் தெறக்கறதுக்கு ஒரு வாரம் முன்னால எங்க சகலை போன் பண்றாருங்க. "ஏனுங் சகலை, அந்த சைட்டுல என் கார்டு ஏறவே மாட்டேங்குது. போன வருசமும் இப்படித்தான். நீங்க அந்த லைன்லதான இருக்கறீங்க, ஏதாச்சும் வழி பண்ணி விடுங்க"ன்னு. நான், "உங்களுக்குன்னு தனி வழியே போட்டு விடறேன் சகலை, கவலையே படாதீங்க"ன்னேன். எந்த பேங்க் கார்டுன்னு கேட்டேன். பேரைச் சொல்லுவாருன்னு பாத்தா, கார்டை முன்னாலயும் பின்னாலயும் படம் புடிச்சு வாட்ஸப்புல அனுப்பறாருங்க. எனக்கில்ல. குடும்பத்துக் குரூப்புல. இருபத்தெட்டுப் பேரு இருக்கற குரூப்பு. அதுக்குக் கீழ அத்தை ஒரு ரோசாப்பூ போட்டு "இனிய காலை வணக்கம்"னு போட்டுருக்காங்க. பம்புக்கடை வெச்சு நாலு பேருக்குச் சம்பளம் குடுக்கற மனுசன் பண்ற வேலையா இது? என் தொழிலுக்கு இதைப் பாத்தா நெஞ்சே அடைச்சுரும். உடனே அழிக்கச் சொன்னேன். ஆனா முதல் ஆறு நம்பரை மட்டும் எழுதி வெச்சுக்கிட்டேன்.

அந்த முதல் ஆறு நம்பர்தானுங்க எந்த பேங்க் கார்டுன்னு சொல்றது. சகலை கார்டை மட்டும் தனியாப் புடிச்சு அனுப்ப எங்ககிட்ட வசதி கெடையாது. முழு நம்பர் எங்க கண்ணுக்கே தெரியாது. ஆனா இந்த ஆறு நம்பர்ல ஆரம்பிக்கற கார்டெல்லாம் இந்த வழியாப் போன்னு ஒரு விதி எழுதலாம். பாத்தா, பவானி மக்கள் வங்கின்னு சின்னதா ஒரு பேங்க். ஆத்தங்கரையோரம் பத்துக் கிளை இருந்தா அதிகம். யாரு கவனிக்கப் போறாங்க?

முத நாள் சாயங்காலம் விதி எழுதினேன். இந்த பேங்க் கார்டெல்லாம் எருமை மேல போ. எருமை முடியாதுன்னு சொன்னா வேற எங்கயும் போகாதே. வீட்டுக்குப் போயிரு.

என்னங்க அப்படிப் பாக்கறீங்க? ஆமா, அந்த பேங்க்ல கார்டு வெச்சிருக்கற மத்தவங்களும் எருமை மேலதான் போகணும். ஒரு காரியம்னா நாலு பேருக்கு அசௌகரியம் இருக்கத்தான் செய்யும். மேம்பாலம் கட்டறப்ப ரோட்டை அடைக்கறதில்லீங்களா?

மறுநாள் பத்து மணி. நான் தயாரா உக்காந்திருக்கேன். என் கார்டு பெரிய பேங்க் கார்டு, குதிரை மேல போறது. அந்த வழி சுத்தமா இருக்குதான்னு அந்த வாரம் பூரா ஒத்த ரூபா, ஒத்த ரூபாயா அனுப்பி அனுப்பிச் சோதிச்சுப் பாத்திருந்தேன். காலைல ஒரு பத்துத் தடவை, மத்தியானம் ஒரு பத்துத் தடவை. அவ்வளவு முன்னேற்பாடு. பத்து மணிக்கு நாலு சீட்டை எடுத்து, பணம் கட்டுன்னு அமுக்கினேன்.

ஆகாதுன்னு வந்துச்சு.

சரி, குதிரைக்கு என்னமோ ஆயிருச்சுன்னு வண்டிமாட்டுல விட்டேன். ஆகாது. மறுபடி குதிரை. ஆகாது. அப்புறம் ஒரு போன் வருதுங்க. பேங்க்ல இருந்து ஒரு பொண்ணு, ரொம்ப அன்பா, "சார், உங்க கார்டை யாரோ திருடிட்டாங்க போலிருக்குது, ஒரு வாரமா ஒவ்வொரு ரூபாயா எடுத்துச் சோதிச்சுட்டு இருந்தாங்க, இன்னைக்குப் பெருசா எடுக்கப் பாத்தாங்க, நாங்க தடுத்துட்டோம் சார்"ங்குது. அந்தத் திருடன் நான்தாம்மான்னேன். "பயப்படாதீங்க சார், புதுக் கார்டு பத்து நாள்ல வந்துரும்"ங்குது. அது பேசி முடிக்கறதுக்குள்ள பஸ்ஸு நெறஞ்சு போச்சு.

சரி, நமக்குத்தான் இல்ல, அவருக்கும் இருக்காதுன்னு மனசைத் தேத்திக்கிட்டு டீ குடிக்கப் போனேன். டீ கைல இருக்குது, சகலை போன். "சகலை, ஏறிருச்சுங்க"ங்கறாரு. என்ன ஏறிருச்சுன்னேன். "உங்க தனி வழிதானுங்க. சுத்துச்சு, சுத்துச்சு, நான் ஒரு முறுக்கே தின்னு முடிச்சுட்டேன். ஆனா நீங்க சொன்னா சரியா இருக்கும்னு கைய வெக்காம அப்படியே உக்காந்திருந்தேன். ஏறிருச்சு. ஆறு பேருக்கும் போட்டுட்டேன். அது சுத்துன நேரத்துல சேந்தாப்புல ஆறு கெடைக்காமப் போயிருச்சு, அஞ்சுதான் முன்னால, ஒண்ணு கடைசில"ன்னாரு.

பாத்தீங்களா? அவரு வாயாலயே சொன்னாரு. அதுக்கு யாருங்க காரணம்? எருமை. எருமைக்கு யாரு காரணம்? அவரு கார்டுதான. ஏன் இந்தச் சின்ன பேங்க் கார்டை வெச்சுக்கிட்டுத் திரியணும்?

ஏன் ஏறுச்சுன்னு பின்னால கண்டுபுடிச்சேன். அந்த பேங்க்ல பழைய காலத்துக் கம்ப்யூட்டருங்க. கேட்டா யோசிச்சு, எந்திரிச்சு, மெதுவாத்தான் பதில் சொல்லும். குதிரைக்கு எங்க பொறுமை? பேங்க் பதில் சொல்ல வாய் தெறக்கறதுக்குள்ள, ஆகாதுன்னு வந்து சொல்லிப்போட்டு அடுத்த சோலியைப் பாக்கப் போயிரும். வண்டிமாடும் அப்படித்தான். எருமை மட்டும் நின்னிருக்குது. அது வாசல்லயே நிக்கவும், பேங்க்காரன் சாவகாசமா ஆகும்னு சொல்லியிருக்கான். இத்தனை வருசமா அந்த பேங்க் கார்டெல்லாம் ஆகாது ஆகாதுன்னு திரும்பி வந்ததுக்கு அவ்வளவுதான் காரணம். யாரும் நின்னு கேக்கல.

அப்புறம் குடும்பத்துக் குரூப்புல சகலை எழுதறாரு. "டிக்கெட் கிடைத்தது. சின்ன மாப்பிள்ளை போட்டுக் கொடுத்த தனி வழியால்தான் கிடைத்தது. அவருக்கு நன்றி." அத்தை பேசியே அனுப்பிச்சாங்க. "சின்ன மாப்பிள்ளையாலதான் நான் மைசூரு பாக்கப் போறேன்"னு. நான் என்ன வார்த்தை வரணும்னு நெனச்சேனோ, அதே வார்த்தை. கோகிலா அதைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேக்குது. எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்க? சோத்துல கை வெக்க முடியல. என்னைக் குத்திக்காட்டறதுக்குன்னே அந்த மனுசன் என்னைப் பாராட்டறாருங்க. ஒரு ஆளை இதுக்கு மேல எப்படி அவமானப்படுத்த முடியும்?

இருங்க, இதோட முடியல. ஆபீஸ்ல என்ன ஆச்சுன்னு கேளுங்க.

அந்த விதியை நான் எடுக்க மறந்துட்டேன். மாசக் கடைசி மீட்டிங்ல எங்க மேடம், அழகம்மைன்னு பேரு, காரைக்குடிப் பக்கம், திரையில ஒரு படத்தைப் போட்டாங்க. எல்லாக் கோடும் சமமாப் போயிட்டு இருக்குது. ஒரே ஒரு கோடு மட்டும் செங்குத்தா மேல ஏறி நிக்குது. மேடம் கண்ணாடியைக் கழட்டறாங்க. "பவானி மக்கள் வங்கிக்கு விதியை மாத்தினது யாரு?"ங்கறாங்க. எங்க ஆபீஸ்ல அந்த வேலைக்கு எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டுங்க. செவுத்துலயே எழுதி ஒட்டியிருக்கும். அதனால யாருன்னு தெரியாது. எனக்கு வந்த பயத்துல பக்கத்துல இருந்த பையனைக் கை காட்டி, "அருள்செல்வம் போட்டிருப்பாருங்க மேடம்"னுட்டேன். வந்து மூணு மாசமான பையன். திட்டு வாங்கினாலும் தாங்கற வயசுதான?

மேடம் கண்ணாடியை மாட்டிக்கிட்டுக் கை தட்டறாங்க. "நூத்துக்கு முப்பது பேருக்குக் கூட ஆகாம இருந்த பேங்க், இப்ப நூத்துக்குத் தொண்ணூறு. இங்க பத்து வருசமா இருக்கறவங்களுக்குக் கூட இது தோணல"ன்னு என்னைப் பாத்துச் சொல்றாங்க. அருள்செல்வம் என்னை ஒரு தடவை திரும்பிப் பாத்தான். அப்புறம் மெதுவா எந்திரிச்சு, "டேட்டாவையே உத்துப் பாத்துட்டு இருந்தேன் மேடம். ஒரு கட்டத்துல அது பேச ஆரம்பிச்சுருச்சு"ன்னான். என்ன தைரியம் பாருங்க. கேக் வெட்டி, முதல் துண்டை எனக்குத்தான் ஊட்டினான்.

நான் விடல. அப்புறம் தனியா மேடம் ரூமுக்குப் போயி, அந்த விதியைப் போட்டது நான்தானுங்கன்னேன். "அப்படியா? சொல்லுங்க பூபதி, அந்த பேங்குக்கு எருமைதான் சரின்னு எதை வெச்சு முடிவு பண்ணினீங்க?"ன்னாங்க. என்ன சொல்றது? எங்க சகலையை வெச்சுன்னு சொல்ல முடியுமா? மேடம், "சின்னப் பசங்க பேரைத் தட்டிப் பறிக்காதீங்க பூபதி, உங்க வயசுக்கு நல்லா இல்ல"ன்னுட்டாங்க. இப்ப அவன் மேசையில ஷீல்டு இருக்குதுங்க. அதுல ஈரத் துண்டைக் காயப் போடறான். ராத்திரி பகலா மண்டையை ஒடைச்சு ஒருத்தனைக் கவுக்க நான் யோசிச்சது, பேரு இன்னொருத்தனுக்கு. இந்த உலகத்துல நியாயம்னு ஒண்ணு இருக்குதுங்களா?

சரி, நான் பாட்டுக்குப் பேசிட்டே வர்றேன். நீங்க எப்படி இந்த பஸ்ஸுல மாட்டுனீங்க? யாரு டிக்கெட்டுப் போட்டுக் குடுத்தாங்க? நீங்களேவா? போன்லயா? பரவால்லீங்களே. மூணு வருசமாவா பாத்தீங்க? ஒவ்வொரு தடவையும் ஆகாதுன்னு வந்துருச்சா? ஏன், உங்களுது எந்த பேங்க் கார்டுங்க?

ஓ.

பவானி மக்கள் வங்கிங்களா.

இல்ல, சொல்லுங்க. நான் கேட்டுட்டுத்தான் இருக்கேன். அக்கா ஒவ்வொரு வருசமும் முன்னாலயே பையைக் கட்டி வெச்சுருவாங்களா? ம். டிக்கெட்டு ஆகலைன்னதும் மறுபடி பிரிச்சு, சேலையெல்லாம் மடிச்சு பீரோவுல வெச்சுருவாங்களா. ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா. ஒரு வார்த்தை கூடவா? நம்ம மேல கோவமா இருந்தாத் திட்டியிருப்பா, திட்டவும் மாட்டேங்கறாளேன்னு உங்களுக்கு இருக்குமா. ம்.

இந்த வருசம் பையே கட்டலையா. அது எதுக்கு வீணான்னு சொல்லிட்டாங்களா.

அப்புறம் சுத்துச்சு, சுத்துச்சு, நீங்களும் கைய வெக்காம உக்காந்திருந்தீங்க. தெரியுமுங்க. அது எருமைதானுங்க.

அந்தச் சிவப்புச் சட்டைக்காரரும் உங்க ஊரா? முன்னால பாட்டுப் பாடிட்டு வர்ற அந்த நாலு அம்மாக்களுமா? ஏனுங்ணா, அப்பப் பாதி பஸ்ஸு பவானிதானா? எல்லாருக்கும் இதுதான் முதல் தடவையா? அதுதான், அதுதான் எனக்கு முன்னால சீட்டு இல்லாமப் போயிருக்குது. நானே வாசலைத் தெறந்து விட்டு, நானே கடைசில வந்து உக்காந்திருக்கேன்.

அண்ணா, அக்காவை எதுக்குங்க எழுப்பறீங்க? தூங்கட்டும் விடுங்க. ஐயோ, அவங்ககிட்ட எதுக்கு அதையெல்லாம் சொல்லிட்டு. வேண்டாமுங்க. சொன்னாக் கேளுங்க.

வணக்கமுங்க அக்கா. ஆமாங்க, கோயமுத்தூருதான். இல்லீங்க. இல்லீங்க அக்கா, கையை எதுக்குங்க கும்புடறீங்க, முதல்ல கையைக் கீழ போடுங்க. உங்களை மாதிரி ஆளுகளுக்காக யோசிச்சு யோசிச்சுப் பண்ணினேனான்னா... அக்கா, அது நானில்லீங்க. அண்ணன் தப்பாப் புரிஞ்சுக்கிட்டாரு. எங்க ஆபீஸ்ல அருள்செல்வம்னு ஒரு தம்பி இருக்குதுங்க. அவன் பண்ணினது. நல்ல பையன். டேட்டாவையே உத்துப் பாத்துட்டு இருப்பான். அவன் நல்லா இருக்கட்டும்னு சொல்லுங்க, நான் போயிச் சொல்லிப்போடறேன். சரிங்க அக்கா. சரிங்க. கண்டிப்பாச் சொல்றேன்.

நீங்க என்னங்ணா சிரிக்கறீங்க? சிரிக்காதீங்க. எனக்கு வெக்கமா இருக்குதுங்க. எதுக்குன்னு எனக்கே சரியாத் தெரியல, ஆனா இருக்குது.

அங்க பாருங்க, மறுபடியும் எந்திரிச்சுட்டாரு. இந்த வளைவுல கம்பியைப் புடிச்சுக்கிட்டு வர்றாரு பாருங்க, விழுந்து தொலைக்கப் போறாரு. நாலாவது தடவைங்க. என்ன சொன்னீங்க? தெரியுமா? எங்க சகலையவா? பம்புக்கடை ஈஸ்வரமூர்த்தியைத் தெரியுமா உங்களுக்கு? உங்க கெணத்து மோட்டாரே அவருகிட்ட வாங்கினதா? பணம் நோம்பி கழிச்சுக் குடுங்கன்னு சொல்லி அவரே வந்து மாட்டிக் குடுத்துட்டுப் போனாரா?

அண்ணா, நீங்க பெரியவங்க. பண்ணாரியில இருந்து இது வரைக்கும் நான் பேசுனது எதுவும் உங்க காதுல விழலைன்னு வெச்சுக்குங்க. அக்கா, உங்களுக்கும்தானுங்க. அருள்செல்வம் பேரும் வேண்டாம், எருமையும் வேண்டாம்.

வாங்க சகலை. பாத்து, பாத்து, கையைக் குடுங்க. இல்ல, நான் முன்னால போகல. நீங்க இங்க என் பக்கத்துல உக்காருங்க. அட, தள்ளி உக்காந்தா எடமிருக்குது. ஒண்ணும் இல்லீங்க சகலை, நீங்க எப்படிப்பட்ட ஆளுன்னு இத்தனை நேரமா அண்ணன்கிட்ட சொல்லிட்டு வந்தேன்.